கரடிக்குச் சேர வேண்டிய கம்பளி

என் அக்காள் புருஷன் லயனலைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கிறுக்குப் பிடித்து ஆற்றங்கரையில் நின்று கரடிகளைக் கல்லால் அடித்தார் என்பது ஒன்று. கரடியிடம் அடிபட்டுப் பயந்துபோனார் என்பது இன்னொன்று. படகுக்கு டீசல் போட வரும் வெளியூர்க்காரர்கள்கூட என்னிடம் விசாரிக்கிறார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அவர் வைத்த விருந்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டவள் நான். பழங்குடிகளான எங்கள் கரையில் விருந்துச் சாப்பாடு சும்மா கிடைக்காது. சாப்பிட்டவர் சாட்சி. யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லியாக வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கூட்டாமல் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். முயன்று பார்க்கிறேன்.

லயனலின் சொத்து அவர் குரல். ஆள் பார்க்கச் சுமார்தான். மீன் பிடிக்கிற படகில் வளர்ந்தவர், கை கால் எல்லாம் கயிறு அறுத்த தழும்பு. ஆனால் வாயைத் திறந்தால் கம்பளிக்குள் சுருண்டுகொண்டது மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகு ரேடியோவில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுவது அவர்தான். மழை கொட்டும், வெளியே போக முடியாது, வீட்டுக்கு வீடு ரேடியோவைச் சுற்றி அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்போம். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்பவர்கள் உண்டு. என் அக்காள் நடீன் அந்தக் குரலில்தான் விழுந்தாள். அதை அவளே சொல்வாள்.

ஆற்றுக்குள் நுழையும்போது கரடியிடம் பேசுவது எங்கள் வழக்கம். பேர் சொல்ல வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும், எங்களுக்கு வேண்டிய மீனை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்ல வேண்டும். சத்தமும் போடாமல் கிசுகிசுக்கவும் செய்யாமல், பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி. கரடி கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு ஒதுங்கிக்கொள்ளும். இதில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு பாதி உண்டு. பேசிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வழி கேட்டுவிட்டு நடுவீட்டில் பாய் போட்டு உட்காரக் கூடாது.

லயனல் உட்கார்ந்தார். அதுதான் மொத்தக் கதையும்.

மீன் பதப்படுத்தும் ஆலை மூடிய பிறகு ஊர்க்காரர்கள் சேர்ந்து உள்கடலின் முனையில் ஒரு விடுதி கட்டினோம். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன் முட்டையிட ஆற்றில் ஏறும்போது கரடி படம் எடுக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். நான் சமையல். லயனல் படகும் வழியும். ஒரு பிரெஞ்சுக்காரர் மழையில் நனைந்து கெட்டுவிட்டது என்று விட்டுப்போன கேமராவை லயனல் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துப் பிழைக்கவைத்து, அதிலேயே தானும் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். என் அரிசியில்தான். கேட்காமல்தான்.

ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெண் கரடி இருந்தது. பழுப்புக் கரடி, இடது காதில் ஒரு வெட்டு, கூடவே ஒரு பெண் குட்டி. முதல் வருடம் வந்தவர்கள் எல்லாரும் அதன் முதுகைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரே புலம்பல். கண் வேண்டும், கண்ணில் வெளிச்சம் விழ வேண்டும், முகம் நேரே பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

லயனல் தன் வழக்கப்படி பேர் சொல்லி வீடு சொல்லிப் பேசியபோது கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் சடசடத்தன. அவருக்கு அது பிடித்துவிட்டது. மறுநாளும் பேசினார், நகராமல் அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த வருடம் அவர் குரல் கேட்டதுமே கரடி மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதற்கடுத்த வருடம் வந்து, சரளைத் திட்டில் உட்கார்ந்து, மீனைத் தின்றுகொண்டே எங்களைப் பார்த்தது. குட்டி அம்மாவுக்கு முன்னால் ஓடி வரும். லயனல் எடுத்த ஒரு படம், ஈரம் சொட்டும் முகமும் நேர்ப் பார்வையுமாக, நாள்காட்டியில் வந்தது. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்திலும் பெரிதாக மாட்டினார்கள்.

ஒருநாள் நான் சூப்புக் குடுவையோடு படகில் இருந்தேன். மூடியைத் தொலைத்ததற்காக லயனலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஜெர்மன்காரி அந்தக் கரடிக்குப் பேர் என்ன என்று கேட்டாள். லயனல் என்னைப் பார்த்தார். "டோரீன்" என்றார். அது என் பேர். படகே சிரித்தது.

கரையிறங்கி அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என் பேரை எதுக்கு அத்தான் அதுக்கு வச்சீங்க?"

"அவளும் மீன்ல முட்டையை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை வீசிடுறா. நடையும் அதே நடை."

"என் நடையைப் பாத்தீங்கன்னு அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. அந்த நடையை மொதல்ல சொன்னதே அவதான்."

நடீன் அடுப்படியிலிருந்து சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இருந்தாலும் பேரு சும்மா தூக்கிக் குடுக்கற சாமான் இல்லீங்க. நாலு பேரைக் கூப்பிட்டு, சோறு போட்டு, சாட்சி வச்சுக் குடுக்கணும். இல்லன்னா திருடுன மாதிரிதான்."

"வெள்ளைக்காரிக்கு ஒரு பதில் சொன்னேன். அதுக்குப் போயி" என்று அவர் பூட்ஸைக் கழற்றப் போய்விட்டார்.

பேர் ஒட்டிக்கொண்டது. டோரீன் இன்று நன்றாகச் சாப்பிட்டாள், டோரீன் குட்டியை அறைந்தாள் என்று விருந்தாளிகள் என் காதுபடவே பேசுவார்கள். நானும் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு பரிமாறுவேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

கரடி வேட்டைக்கு அனுமதி இருந்த காலம் அது. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது, தனிக் கரடி என்றால் சீட்டு வாங்கியவன் சுடலாம். அடுத்து வந்த வசந்தத்தில்தான் டோரீன் தன் மகளை இனி நீயே பிழைத்துக்கொள் என்று விரட்டியிருந்தாள். முகத்துவாரத்துப் புல்வெளியில் தனியாக மேய்ந்துகொண்டிருந்தாள்.

சுற்றுலாக் காலம் இல்லாதபோது லயனல் படகுத்துறையில் டீசல் போடுவார். ஒரு வேட்டைப் படகு வந்து நின்றது. தெற்கேயிருந்து வந்த ஒரு பணக்காரர், அவரைக் கூட்டி வந்த வழிகாட்டி. பின்பக்கம் நீலத் தார்ப்பாயில் சுருட்டிய தோல். வழிகாட்டி நல்ல பையன், முன்பே பழக்கம். சந்தோஷமாகப் பேசிக்கொண்டே டீசல் குழாயைப் பிடிக்க உதவினான்.

"இந்த மாதிரி சுலபமா எனக்கு அமைஞ்சதே இல்லண்ணே. இவரு வாயை மூடவே மாட்டேங்கறாரு. பேச்சுச் சத்தம் கேட்டா ஓடிரும் சாமின்னு கெஞ்சறேன். பாத்தா, சத்தம் கேட்டு அதுவே மரத்துக்குள்ளேருந்து வெளிய வருது. வந்து திட்டுல உக்காந்துச்சு. போட்டோ எடுக்கச் சொல்லி உக்காந்த மாதிரி."

தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு காது தெரிந்தது. வெட்டுப்பட்ட காது. லயனல் டீசலை நிரப்பி முடித்தார், குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார், படகின் கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். நேரே என் சமையலறைக்கு வந்து நின்றார்.

"டோரீன் செத்துட்டா" என்றார்.

"நான் இங்கதானே நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்த்தினேன். தேநீர் வைத்தேன். குடிக்கவில்லை. வழிகாட்டி சொன்னதை எல்லாம் சொன்னார், அதே வார்த்தைகளில், எண் கூப்பிடுகிற அதே குரலில்.

"நான்தான் உக்கார வச்சேன், டோரீன்."

"சுட்டது அவன். சீட்டு குடுத்தது அரசாங்கம். நீங்க என்ன பண்ணீங்க?"

"என் குரலை நம்பி வெளிய வந்தா."

"அது உங்க குரலே இல்லியே அத்தான். அந்தத் தடியன் குரலு."

"அதைத்தான் சொல்றேன். மனுசக் குரலுன்னாலே நான்னு நெனச்சுட்டா."

ஆறிப்போன தேநீரை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ரேடியோவில் அவர் வரவில்லை. சளி என்று நடீன் சொன்னாள். பிறகு பிங்கோவை மூக்கால் பேசுகிற ஒருத்தர் கூப்பிட ஆரம்பித்தார், அட்டை எடுப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வீட்டில் லயனல் கிசுகிசுப்பாகப் பேசினார். உப்பு வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டினார். சாப்பாட்டுக் கூடத்துப் படத்தை யாரும் இல்லாதபோது சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். அந்த இலையுதிர் காலத்தில் உடம்பு சரியில்லை என்று ஆற்றுப் பக்கமே போகவில்லை. மகள் கரடி அம்மா உட்கார்ந்த அதே திட்டில் வந்து உட்காருகிறது என்று மற்ற வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார்.

கடைசியில் அவருடைய தாய்மாமன் ஆம்ப்ரோஸ், அந்த வீட்டுக்குத் தலைவர், விருந்து வைத்துக் கழுவிவிடலாம் என்றார். எங்களிடம் அந்த முறை உண்டு. தப்புச் செய்தவன், தலைகுனிவு வந்தவன், ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததை வாய்விட்டுச் சொல்வான். பாதிக்கப்பட்டவர் பக்கம் கம்பளி கொடுப்பான். அவர்கள் வாங்கிக்கொண்டால் அது கழுவியாயிற்று. அதற்குமேல் அதைச் சொல்லி அவனைக் குத்த யாருக்கும் உரிமை கிடையாது. குலம் எங்களுக்குத் தாய்வழி. நானும் நடீனும் ஒரு குலம், லயனல் எதிர்க் குலம். ஆகவே அவர் வைக்கும் விருந்தில் சாட்சிப் பந்தி எங்களுக்கு.

குளிர்காலம் முழுக்க அவர்கள் வீடு சேர்த்தது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் விரித்த மேஜைகளில் புகை போட்ட மீன், கடற்பாசி போட்ட சோறு, மீன்நெய், பொரித்த ரொட்டி. நான் சமைக்காத சாப்பாட்டில் குறை சொல்வது என் பழக்கம், அன்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் லயனல் எழுந்தார். பேசிவிட்டு நகராமல் உட்கார்ந்ததைச் சொன்னார். படத்தின் ஆசையைச் சொன்னார். பேரைத் திருடியதைச் சொன்னார். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத குரல். பலபேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு ஆம்ப்ரோஸ் மாமா சாம்பல் நிறக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து லயனல் கையில் கொடுத்தார். எங்கள் குலத் தலைவர் எழுந்தார்.

"எல்லாம் சரி. வாங்கிக்கறது யாரு? கரடிக்குச் சொந்தக்காரங்க யாருன்னு எழுந்திரிங்க."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். யாரும் எழவில்லை. கம்பளியை நீட்டியபடி லயனல் நின்றுகொண்டே இருந்தார். நடீனால் பொறுக்க முடியவில்லை.

"பேரு டோரீனோடது" என்றாள். "டோரீனே வாங்கட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போனேன். நான் கையை நீட்டினால் முடிந்தது. அவர் சாப்பிடுவார், பேசுவார், வெள்ளிக்கிழமை பிங்கோ கூப்பிடுவார், என் அக்காள் தூங்குவாள். எல்லாம் என் கையில் இருந்தது. கை பாதி தூரம் போயும்விட்டது. ஆனால் அந்தத் திட்டில் வந்து உட்காருகிற மகள் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

"என் பேருக்குன்னா இப்பவே வாங்கிக்கறேன் அத்தான்" என்றேன். "அவ பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா. நாளைக்கு எவன் பேசுனாலும் வந்து உக்காருவா. அவளுக்குன்னு இன்னொரு கம்பளி வாங்கி வச்சிருக்கீங்களா?"

நடீன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். லயனல் கம்பளியை மெதுவாக மடித்தார்.

"இல்ல" என்றார். "இது ஒண்ணுதான் இருக்கு."

சால்மன் ஏறத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார். சாட்சி கூட வர வேண்டுமாம். படகின் இருக்கைக்கு அடியில் தண்ணீர் புகாத பையில் கம்பளி. முன்பக்கம் ஒரு வாளி நிறையக் கற்களும் ஒரு வெடித் துப்பாக்கியும். அது காயப்படுத்தாது, சத்தம் மட்டும்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. திட்டின் எதிரே இறங்கி நின்றோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனுசக் குரலு கேட்டா ஓடணும்னு அவ கத்துக்கணும். முழுசாச் சொல்லி முடிக்கணும். முடிச்ச உடனே அடிக்கணும். இல்லன்னா எதுக்கு அடின்னு அவளுக்குத் தெரியாது" என்றார். எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார்.

பேசினார். பேர், வீடு, வேண்டிய மீன், போய்விடுவோம். முடிப்பதற்குள் மகள் வெளியே வந்துவிட்டாள். வந்து, அம்மா இடத்தில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்தாள். லயனல் கல்லை எறிந்தார். அது தண்ணீரில் விழுந்தது. மீன் துள்ளியது என்று நினைத்து அவள் போய் மூக்கை விட்டுத் தேடினாள்.

இரண்டாவது கல் தோளில் பட்டது. எழுந்து நின்றாள். எறிந்தது யார் என்று மரங்களைப் பார்த்தாள், எதிர்க்கரையைப் பார்த்தாள், அவரை மட்டும் பார்க்கவில்லை. பிறகு பாதுகாப்பைத் தேடி அவர் பக்கமாக நாலடி எடுத்துவைத்தாள்.

"போடி" என்றார் லயனல். குரல் உடைந்துவிட்டது. "போயிடும்மா. நான்தான் அடிக்கறேன். என்னைப் பாரு."

வெடியைச் சுட்டார். மலை இரண்டு பக்கமும் அதிர்ந்தது. அவள் ஓடினாள், ஓடி, மரங்களின் விளிம்பில் நின்று, திரும்பிப் பார்த்தாள்.

படகில் ஏறியதும் நானே கையை நீட்டினேன்.

"குடுங்க அத்தான். போதும்."

"திரும்பிப் பாத்தா."

"வாங்கிக்க வேண்டியவ நான். நான் போதும்ங்கறேன்."

"அவ திரும்பிப் பாக்காம ஓடற அன்னைக்கு வாங்கிக்க" என்று எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் போனோம். எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை. விடுதியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காசு கட்டிப் படம் எடுக்க வருகிறவர்கள் கரடியைப் பார்க்காமல் திரும்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? என் சம்பளமும் அந்தக் கரடியிலிருந்துதான் வந்தது, அதனால் இரண்டு பக்கமும் எனக்கு வசவு. ஊருக்குள் அவர் முகத்துக்கு நேரே கல்லடி லயனல் என்று கூப்பிட்டார்கள். கழுவாத தப்பு, யார் வேண்டுமானாலும் குத்தலாம். நடீன் என்னோடு பேசாமல் இருந்த காலமும் உண்டு. அப்போது எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். பேசாமல் அன்றே வாங்கித் தொலைத்திருக்கலாம்.

நடுவில் கிரிஸ்லி என்கிற இந்தப் பழுப்புக் கரடி வேட்டையையே அரசாங்கம் தடைசெய்தது. ஆம்ப்ரோஸ் மாமா ஓடி வந்தார். "இனிமே சுட மாட்டாங்கடா. விட்டுரு, பாவம்."

"சட்டத்தைக் கரடியா மாமா படிச்சுது?" என்றார் லயனல். "நாளைக்கு மாத்துவாங்க. அப்பவும் அவ வெளிய வந்து உக்காருவா."

போன இலையுதிர் காலம். கடல் ஏறிக்கொண்டிருந்தது, பனிமூட்டம் தண்ணீரை ஒட்டி நின்றது. முகத்துவாரத்துக்குள் திரும்பியதும் அவளைப் பார்த்தோம். இப்போது பெரிய கரடி, அப்படியே அம்மா. கூட ஒரு குட்டி. மீனைக் காலால் அமுக்கிக்கொண்டு முட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். நான் கைப்பேசியை எடுத்தேன். சாட்சிக்கு ஒரு படம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

லயனல் எஞ்சினை அணைத்தார். "நான் லயனல்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவள் மீனைப் போட்டுவிட்டுக் குட்டியை முகத்தால் இடித்து முன்னால் தள்ளி, தண்ணீர் தெறிக்க ஓடினாள். புதர் அசைந்தது, பிறகு அசைவு நின்றது. நாங்கள் காத்திருந்தோம். தாயும் திரும்பிப் பார்க்கவில்லை, குட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

லயனல் மீதியையும் சொல்லி முடித்தார், யாரும் இல்லாத ஆற்றிடம். எந்த வீட்டுப் பிள்ளை, என்ன வேண்டும், எடுத்துக்கொண்டு போய்விடுவோம். துடுப்பை எடுத்துப் படகை அங்கிருந்து நகர்த்தினார். வளைவைத் தாண்டியதும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து பையை இழுத்துக் கம்பளியை என் மடியில் வைத்தார்.

"வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். பூஞ்சை வாடை அடித்தது. அவர் வாய்விட்டு அழுதார், அந்தக் குரலில் ஓர் ஆள் அழுது அதுவரை நான் கேட்டதில்லை. நானும் அழுதேன். அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, இனி அவர் குரலுக்கு அந்த ஆற்றில் யாரும் வெளியே வரமாட்டார்கள்.

கழுவியாயிற்று. நான் சாட்சி, வாங்கியவளும் நான். இனி அவரைக் கல்லடி என்று யாராவது கூப்பிட்டால் என் சமையலறையில் அந்த ஆளுக்குச் சோறு இல்லை. வெள்ளிக்கிழமை பிங்கோ மறுபடி அவர்தான் கூப்பிடுகிறார். வீட்டில் ரேடியோவுக்கு மேலே அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நான் கைப்பேசியில் எடுத்ததைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மங்கலான மூட்டம், தெறிக்கும் தண்ணீர், ஓடுகிற இரண்டு கரடிகளின் பின்புறம். வருகிறவர்கள் இதில் முகமே இல்லையே என்று கேட்பார்கள். ஆமாம், முகம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் எண் கூப்பிட உட்கார்ந்துவிடுவார்.